கியர் லீவரைத் தட்டிப் பார்த்து வாங்குங்க!

ரோடு பைக் வாங்கப்போறீங்களா? கலரைப் பார்க்கும் முன் கியர் பிராண்டைப் பாருங்கள். பிறகு மாற்றுவது செலவு பிடிக்கும் வேலை.

கேபிளில் இயங்கும் கியர்களில் மூன்று பிராண்டுகள் பிரபலம்.

ஷிமானோ (ஜப்பான், 1921): பிரேக் லீவரையே உள்பக்கம் தள்ளினால் மேடு ஏறும் லேசான கியர். பின்னாலுள்ள சின்ன லீவரைத் தட்டினால் வேக கியர்.

கம்பன்யோலோ (இத்தாலி, 1933): பிரேக் லீவர் பிரேக்குக்கு மட்டுமே. பின்னால் ஒரு லீவர், கட்டைவிரலுக்கு ஒரு பட்டன். குழப்பமே இல்லை.

ஸ்ராம் (அமெரிக்கா, 1987): ஒரே லீவர்தான். லேசாகத் தட்டினால் வேக கியர். நன்றாகத் தள்ளினால் லேசான கியர். பழக ஓரிரு நாள் ஆகும்.

எது சிறந்தது? உங்கள் விரலுக்குப் பழகுவதும், உங்கள் ஊரில் உதிரிபாகம் கிடைப்பதும்தான். ஒன்றின் லீவரோடு இன்னொன்றின் டீரெய்லரைச் சேர்த்தால் பெரும்பாலும் ஒத்துவராது. லீவர் இழுக்கும் கேபிளின் அளவு மாறுவதால், செயின் சரியான பல்சக்கரத்தில் உட்காராது. அதனால் பிராண்டை மாற்றினால் இரண்டையுமே மாற்ற வேண்டிவரும்.

முதல் பைக் என்றால் ஷிமானோவின் கிளாரிஸ் (பின்னால் 8 பல்சக்கரம்) அல்லது சோரா (9) தாராளமாகப் போதும். மிச்சப் பணத்தில் நல்ல ஹெல்மெட் வாங்குங்கள்!