மெலுகாவுக்கு மொழிபெயர்ப்பாளன் ஏன் தேவைப்பட்டான்?

ஆண்டுதோறும் ஒரு புதிய சொற்பட்டியல் வெளிவருகிறது. இடப்பக்கம் சுமேரியச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், நடுவில் ஒரு சமக்குறி. சில ஆண்டுகளாக அசீரியமும் அக்காடியமும் அந்த இடப்பக்கத்தில் இடம்பெறத் தொடங்கியுள்ளன. அவை செமித்திய மொழிகள் என்பதோ, சுமேரியத்தோடு அவற்றுக்குப் பிறப்புறவு இல்லை என்பதோ பட்டியலாளரைச் சற்றும் தடுப்பதில்லை. இத்தகைய பட்டியல்கள் கருத்தரங்க மலர்களில் அச்சாகின்றன. ஆய்வேடுகளின் முதல் இயலை நிரப்புகின்றன. சில வேளைகளில் பட்டமும் பெற்றுத் தருகின்றன.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் உருளை முத்திரையை இவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அக்காடியப் பேரரசுக் காலத்தைச் சேர்ந்த அம்முத்திரையின் உரிமையாளன் பெயர் ஷு-இலிஷு. தொழில், மெலுகா மொழியின் மொழிபெயர்ப்பாளன். மெலுகா என்பது சிந்துவெளி நிலமே என்று ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்கின்றனர். சிந்துவெளி மொழி பழந்திராவிடம் என்பதும் வலுவான ஒரு கருதுகோள். நம் பட்டியலாளர்கள் இவ்விரண்டையும் ஆரவாரத்தோடு ஏற்பவர்கள். அவ்வாறாயின், சுமேரியமும் தமிழும் ஒன்றெனில், மெலுகாவிலிருந்து வந்தவனோடு பேச மொழிபெயர்ப்பாளன் எதற்கு? இரண்டு முழக்கங்களில் ஒன்றையேனும் கைவிட்டாக வேண்டும். இரண்டையும் ஒரே மேடையில் முழங்குவோர் இவ்வினாவுக்கு விடை கூறியதில்லை.

சுமேரியம் எவ்வாறு இன்று படிக்கப்படுகிறது என்பதை அறிந்தால் சமக்குறியிடும் கை தயங்கும். பாபிலோனிய, அசீரிய எழுத்தர்கள் வழக்கொழிந்த சுமேரியத்தைக் கற்பதற்காக இருமொழிச் சொற்கோவைகளைக் களிமண் பலகைகளில் எழுதி வைத்தனர். நினிவே நகரில் அசூர்பனிபால் திரட்டிய நூலகத்தில் அவை பலவாகக் கிடைத்தன. இன்று நாம் அறியும் சுமேரிய ஒலிப்பு பெரும்பாலும் அக்காடிய நாவின் வழியே வடிகட்டப்பட்டது. பட்டியல்களின் தலைமகனான 'ஊர்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அந்நகரின் சுமேரியப் பெயர் 'உரிம்'. 'உரு' என்பது அக்காடிய வழக்கு. நகரம் என்னும் பொதுப்பொருள் தரும் சுமேரியச் சொல் முற்றிலும் வேறு. நெடுங்காலம் 'உரு' என்று வாசிக்கப்பட்ட அதனை 'இரி' என்றே வாசிக்க வேண்டும் என்போர் இன்று பலர். இரு வேறு சொற்களைக் குழைத்து, அவற்றுள் ஒன்றன் அக்காடிய வடிவத்தை எடுத்து, இன்றைய தமிழோடு ஒட்டியதே அந்தப் புகழ்பெற்ற சான்று.

இன்றைய தமிழோடு என்பதையும் கவனிக்க வேண்டும். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மொழியோடு ஒப்பிட வேண்டியது மூலத்திராவிட மீட்டுருவாக்கத்தை. தமிழின் 'செவி' கன்னடத்தில் 'கிவி'. மூலவடிவம் ககரத்தில் தொடங்கியது. எனவே தமிழில் இகர எகரங்களுக்கு முன் நிற்கும் சகரத்தைச் சுமேரியச் சகரத்தோடு பொருத்துகிறவர், அக்காலத்தில் அங்கு இருந்திராத ஓர் ஒலியைப் பொருத்துகிறார். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிட வேர்ச்சொல் அகராதியைப் புரட்டினாலே இது விளங்கும். கன்னடமும் கோண்டியும் பிராகுயியும் பட்டியலில் ஏன் இல்லை? அவற்றைச் சேர்த்தால் பட்டியல் சுருங்கிவிடும் என்பது காரணமாக இருக்கலாம்.

தொடர்பே இல்லை என்பது இங்குக் கூற்றன்று. தமிழ் 'எள்', எள்ளெண்ணெயைக் குறிக்கும் அக்காடிய 'எல்லு' ஆகியவற்றின் உறவு தகுதியுள்ள அறிஞர்களால் விவாதிக்கப்படுவது. ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்துள்ளது. சிந்துவெளிக்கும் மெசபொத்தேமியாவுக்கும் கடல்வழி வணிகம் நடந்தது. பொருள், வழி, காலம் மூன்றும் பொருந்துவதால் அது ஆராயத்தக்கது. அப்போதும் 'எல்லு' என்பதற்கு அக்காடியத்தில் 'தூய' என்னும் சொந்தப் பொருள் உண்டு என்ற தடை எழுகிறது. தூய எண்ணெய் என்பதே சுருங்கி அவ்வாறு நின்றிருக்கலாம். ஒரே சொல்லுக்கு இத்தனை பாடு. நானூறு சொற்களை ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடுவோர் எம்முறையைக் கையாள்கின்றனரோ!

அசீரியவியல் பெருமிதத்தால் வளரவில்லை. 1857இல் முதலாம் திக்லத்-பிலேசரின் கல்வெட்டு ஒன்றன் படி, ரோலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஒப்பேர் ஆகிய நால்வரிடம் சென்றது. ஒருவர் பெயர்ப்பை மற்றவர் காணாமல், முத்திரையிட்ட உறைகளில் அவர்கள் விடுத்தவற்றை இலண்டன் இராயல் ஆசியக் கழகம் பிரித்து ஒப்பிட்டது. சாரத்தில் அவை ஒத்திருந்தன. அதன் பின்னரே ஆப்பெழுத்து படிக்கப்பட்டுவிட்டது என்பதை உலகம் ஒப்பியது. சிக்காகோவின் அசீரிய அகராதி 1921இல் தொடங்கி 2011இல் நிறைவுற்றது. கானேஷ் என்னும் அனத்தோலிய நகரில் கிடைத்த 20,000க்கும் மேற்பட்ட பலகைகளில் பேரரசர் புகழ் அரிது. வெள்ளீய விலை, துணிக்கணக்கு, கடன் பத்திரம், அசூர் நகரிலிருந்து லமாசி என்னும் பெண் தன் வணிகக் கணவன் பூசு-கேனுக்கு எழுதிய மடல்கள். அத்துறையார் வாழ்நாளைச் செலவிடுவது இவற்றின்மீதுதான்.

இப்போது திருவனந்தபுரத்துக்கு வரலாம். கோட்டைப் பகுதியில் உள்ள ஆவணக் காப்பகத்தில், பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் சுருணை சுருணையாக இருக்கின்றன. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, கிரந்தம், தமிழ் என எழுத்துகள் பல, ஓலைகள் இலட்சக்கணக்கில். நிலம், வரி, வழிபாட்டுச் செலவு, ஆணை, பிணக்கு அனைத்தும் அவற்றில் உண்டு. 2023 ஜனவரியில் அதே வளாகத்தில் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டு, 187 சுவடிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. கண்ணாடிப் பேழைக்கு முன் நின்று படம் எடுப்போர் பலர். பேழைக்குள் இருப்பதைப் படிக்க வல்லோர் மிகச் சிலர்.

1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டம் முழுவதும் திருவிதாங்கூரின், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியின், பகுதியாகவே இருந்தது. அதன் பழைய வரலாற்றை எழுத விழைபவர் சென்னைக்கு முன்னர் இங்கே வர வேண்டும். ஆனால் தமிழ்த்துறை இவ்வோலைகளை மலையாளம் என்று ஒதுக்குகிறது. மலையாளத்துறைக்கோ இவற்றின் மொழி மிகுதியும் தமிழாகத் தோன்றுகிறது. மாநில எல்லை மொழி எல்லையாகிவிட்டது.

முன்னோர் இவ்வாறு இருக்கவில்லை. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையைத் தமிழ்நாடு வாழ்த்துப்பாடலால் அறியும். அவரோ இந்நகரில் தத்துவம் கற்பித்துக்கொண்டே வட்டெழுத்துக் கல்வெட்டுகளைத் தேடிப் படியெடுத்து, திருவிதாங்கூரின் தொன்மையரசர் பற்றி 1894இல் ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் வெளியிட்ட ஹஜூர் அலுவலகச் செப்பேடுகள், ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலையில் 95 சட்டர்க்கு இடம் வகுத்ததைக் கூறுகின்றன; முன்மாதிரியாக அவை சுட்டுவது காந்தளூர்ச் சாலையை. கி.பி. 9ஆம் நூற்றாண்டின் ஒரு கல்விநிலையம் எத்தனை பேருக்கு எவ்விதிகளின்கீழ் உணவிட்டது என்பது இங்கேயே எழுதிக் கிடக்க, சுமேரியப் பள்ளியில் தமிழ் தேடுவது விந்தையே.

ஓலைகள் இனியவற்றை மட்டும் கூறுவதில்லை என்பதும் இத்தயக்கத்துக்கு ஒரு காரணமாகலாம். கவிமணி கண்டெடுத்து, பின்னர் அ.கா. பெருமாள் பதிப்பித்த அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் மனிதரை விற்ற முறிகளும் உள்ளன. அசீரியப் பலகைகளிலும் ஆள்விற்பனை உண்டு. அத்துறையார் அவற்றையும் பதிப்பித்தனர், விலையைக் கணித்தனர், விற்கப்பட்டோர் பெயர்களைத் தொகுத்தனர். பெருமிதத்துக்காகத் தொன்மையை நாடுவோர்க்கு இத்தகைய முறி பயன்படாது. வரலாற்றுக்கு அதுவே முதன்மைச் சான்று.

ஆகவே ஒரு கோரிக்கை. மதிலகம் சுருணை ஒன்றிலிருந்து இதுவரை அச்சேறாத பத்து ஓலைகளின் படி, தமிழ், மலையாளம், மொழியியல், வரலாறு ஆகிய நான்கு துறைகளிலிருந்து ஒவ்வோர் ஆய்வாளர்க்கு வழங்கப்படட்டும். மூன்று மாதம் கழித்து நான்கு உறைகளும் ஒரே மேசையில் பிரிக்கப்படட்டும். வாசிப்பு எங்கெங்கு வேறுபடுகிறதோ அங்கங்கு ஓர் ஆய்வேட்டுக்குரிய தலைப்பு இருக்கும். வழிகாட்டிகள் மாணவர்க்கு அத்தலைப்புகளை வழங்கட்டும்.