டிக் அடிப்பதற்கு முன்

எல்ஸ்வியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகிய மூன்று பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் தொடுத்த வழக்கில், ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சைஹப் தளத்தை இந்தியாவில் முடக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. திருட்டுத் தளம்தானே, மூடினால் என்ன என்று கேட்பது சுலபம். வழக்குப் போட்டவர்கள் அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் அல்லர், எழுதி வாங்கிக்கொண்டவர்கள். தமிழகத்தில் பிஎச்.டி. செய்யும் மாணவர்கள் சிலர் கூடிப் பொதுமக்கள் முன் வைக்கும் இந்த வேண்டுகோள், அந்த எழுதி வாங்கும் சங்கதியைப் பற்றியது.

கட்டுரை ஏற்கப்பட்டது என்று மின்னஞ்சல் வந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் இன்னொன்று வரும். சுட்டியைத் திறந்தால் ஒப்பந்தம், பக்கம் பக்கமாகப் பொடி எழுத்து. கடைசியில் ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் அடித்தால்தான் கட்டுரை அச்சுக்குப் போகும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, எழுதியவரையே முதல் உரிமையாளர் என்கிறது. அந்த உரிமை பைசா வாங்காமல் ஒரே டிக்கில் கைமாறிவிடுகிறது. பிறகு, தான் வரைந்த படத்தைத் தன் ஆய்வேட்டில் சேர்ப்பதற்கே சில பதிப்பகங்களிடம் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். “இதில் என்ன எழுதியிருக்கு சார்?” என்று கேட்டால், “எல்லாரும் போடுறதுதாம்ப்பா, போட்டு அனுப்பு” என்பார் நெறியாளர். அவர் மாணவராக இருந்தபோது அவருக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். அரசு ஆய்வுக்கூடம், கருவிகள், ஜே.ஆர்.எஃப். மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, எல்லாம் வரிப்பணம். கட்டுரையை மதிப்பிடும் பேராசிரியர்களுக்குப் பதிப்பகம் பொதுவாக ஒன்றும் தருவதில்லை. இப்படி விளைந்ததைத் திரும்பப் படிக்க, மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 2025 முதல் 2027 வரை 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். எல்ஸ்வியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ், 2023இல் தன் அறிவியல் பதிப்புப் பிரிவில் நூறு ரூபாய் வரவுக்கு 38 ரூபாய் லாபம் பார்த்தது. சரக்கும் இனாம், தரம் பார்ப்பவரும் இனாம் என்றால் எந்த மளிகைக் கடைக்காரர் வேண்டாம் என்பார்?

இவ்வளவு கொடுத்தும் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. முதல் கட்டம் 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குத்தான். சுயநிதிக் கல்லூரியில் ஆய்வு செய்பவர் வெளியே. பட்டம் வாங்கி வேலை தேடிக்கொண்டிருப்பவரும் வெளியே.

காசு கட்டி, யாரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்த அணுக்கத்தில் போடலாமே என்பார்கள். ‘நேச்சர்’ இதழ் அதற்கு 2021இல் வைத்த விலை 9,500 யூரோ, அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். ஜே.ஆர்.எஃப். தொகை முழு ஆண்டுக்கும் சேர்த்தே 4,44,000 ரூபாய்தான்.

வழி இல்லாமல் இல்லை. ஆய்வுச் செலவில் பாதியாவது பொதுப்பணமாக இருந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஏற்கப்பட்ட பிரதியை, கட்டுரை வெளியாகி 12 மாதம் கழித்து எழுதியவரே இலவசமாக வெளியிடலாம் என்ற சட்டம் ஜெர்மனியில் 2014இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வின் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்று நம் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் கொள்கை வெளியிட்டன. சேர்த்தாயா என்று கேட்கத்தான் ஆளில்லை. ஆய்வேடுகளுக்கு மட்டும் இது ஓரளவு நடந்தது. யூஜிசி 2009இல் விதி போட்டது, ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா களஞ்சியம் லட்சக்கணக்கில் நிறைந்தது. கட்டாயம் என்றால் நடக்கிறது.

ஆகவே மாணவர்கள் கேட்பது இதுதான். சக ஆய்வாளர்களே, அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஏற்கப்பட்ட பிரதியைப் பத்திரப்படுத்தி, அனுமதி உள்ள களஞ்சியத்தில் போடுங்கள். நெறியாளர்களே, “போட்டு அனுப்பு” என்பதை இனியாவது நிறுத்துங்கள். வரி கட்டும் பொதுமக்களே, ஜெர்மனிச் சட்டம் போல ஒன்று இங்கே ஏன் இல்லை என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைக் கேளுங்கள்.

சந்தாவுக்கு ஒதுக்கிய காலம் 2027 டிசம்பரோடு முடிகிறது. அடுத்த பேரத்துக்கு முன் இதை யாரும் எழுப்பாவிட்டால், பதிப்பகங்கள் சொல்வதுதான் விலை. அப்போது தொகை எகிறிவிட்டதே என்று துணைவேந்தர்களோ அமைச்சகமோ அங்கலாய்க்க வேண்டாம்.