'காலி பண்ணு' என்றதும் மூட்டை கட்டாதீங்க!

'ஒண்ணாம் தேதிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடணும்' என்று வீட்டுக்காரர் சொன்னதுமே, வாடகை வீட்டுப் பெண்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பிள்ளைங்க ஸ்கூல், புது வீட்டு அட்வான்ஸ் என்று கலங்கி, மறுபேச்சு பேசாமல் கிளம்பி விடுகிறோம்.

ஆனால், வாய் வார்த்தையில் யாரையும் வெளியேற்ற முடியாது. தமிழகத்தில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, அதற்கு வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி என்றாலும், நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் தப்பிக்கலாம். தண்ணீர், கரன்ட்டை நிறுத்தினால், வாடகை அதிகாரியிடம் புகார் தரலாம்.

எங்கள் காம்பவுண்டில் ஒரு பெண்ணின் கணவருக்கு வேலை போய், வாடகை பாக்கி விழுந்தது. வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்தி விட்டார். பாவம், கம்மலை அடகு வைத்து வேறு வீடு பார்க்கக் கிளம்பினாள். 'முதல்ல கோர்ட்டு வளாகத்துல இருக்கற இலவச சட்ட உதவி மையத்துக்குப் போம்மா' என்று அனுப்பி வைத்தோம். பைசா செலவில்லை. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, பாக்கியைத் தவணையில் கட்ட ஏற்பாடு செய்தார்கள். மோட்டாரும் ஓடியது, பெண்ணின் பத்தாம் வகுப்புப் பரீட்சையும் அதே வீட்டில் முடிந்தது.

1987-ம் வருட சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் பக்கமும் ஜாக்கிரதை வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். அது இல்லாததே காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகிவிடும். மாதா மாதம் ரசீது வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துங்கள். 'எல்லாம் அவருக்குத்தான் தெரியும்' என்று இருக்காதீர்கள். அவர் வெளியூரில் இருக்கும்போது வாசலில் நின்று பதில் சொல்லப் போவது நாம்தானே!

வாடகையை நம்பியே ஜீவனம் நடத்தும் வீட்டுக்காரப் பெரியவர்களும் உண்டு. அவர்களை ஏமாற்றச் சொல்லவில்லை. உட்கார்ந்து பேசினால் இருவருக்குமே கோர்ட்டு அலைச்சல் மிச்சம் என்கிறேன்.

கோர்ட்டு வாசலை மிதிக்கவே நம் பெண்கள் பயப்படுகிறார்கள். உதவி மையம் உள்ளே இருந்து என்ன பயன்? ரேஷன் கடை, அங்கன்வாடி, மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் இந்த விவரத்தைப் போர்டு எழுதி வைத்தால், எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வராமல் பிழைக்கும். சம்பந்தப்பட்டவர்கள் செய்வார்களா?

- ஒரு வாசகி, தாம்பரம்.