மூக்கு சொல்லாத குலம்

மணம் ஒன்றானால் வம்சமும் ஒன்று, செடிகளின் உறவை அறிய மரபணு ஆய்வு வேண்டாம், மூக்கே போதும் என்கிறது சென்ற இதழில் வந்த கட்டுரை. அதற்கு முதல் சான்று சோம்பும் அன்னாசிப்பூவும். தன் வாதத்தைத் தானே கவிழ்க்க இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது.

இரண்டிலும் மணப்பது அனெத்தோல்தான். ஆனால் சோம்பு கொத்தமல்லி, சீரகம், கேரட்டின் குடும்பம். அன்னாசிப்பூ மரமோ பூக்கும் தாவரங்களின் தொடக்கத்திலேயே தனியே கிளைத்த தொன்மையான வரிசை. இரண்டும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. கிராம்பிலும் துளசியிலும் யூஜினால் இருக்கிறது; ஒன்று நாவலுக்கு உறவு, மற்றது புதினாவுக்கு.

இப்படி நேர்வதற்குக் காரணம் உண்டு. தண்டுக்கு உறுதி தரும் லிக்னினைச் செய்ய மரம் செடிகள் எல்லாம் ஒரே வேதிப்பாதையை வைத்திருக்கின்றன. அந்தப் பாதையில் ஓரிரு நொதிகள் கூடினாலே யூஜினால் உருவாகிவிடும். பூச்சியை விரட்டவோ அழைக்கவோ அது உதவினால் நிலைத்தும்விடும். தொடர்பற்ற கிளைகள் தனித்தனியே ஒரே மணத்தை அடைவது இவ்வாறுதான். மறுபுறம், திருநீற்றுப்பச்சை என்ற ஒரே இனத்திலேயே சில செடிகளில் லினலூல் மிகும், சிலவற்றில் மெத்தில் சவிகால். கட்டுரையாளரின் விதிப்படி இவை வெவ்வேறு குலங்கள்!

முருங்கை வேர், பப்பாளி விதை, கடுகு மூன்றின் காரநெடியையும் அவர் வெற்றிச்சான்றாக வைக்கிறார். இம்மூன்றும் உறவுதான். குளுக்கோசினோலேட் என்ற சேர்மங்களை வைத்து 1975இல் தாவரவியலாளர் டால்கிரென் இவற்றை ஒரே வரிசையில் சேர்த்தார். அது சரி என்று உறுதிசெய்தது எது? கட்டுரையாளர் வேண்டாம் என்று தள்ளும் அதே மரபணு ஆய்வு. அந்த ஆய்வுதான் இன்னொன்றையும் காட்டியது: டிரைபீட்டஸ் மரங்களிலும் அதே சேர்மங்கள் உண்டு, ஆனால் அவை கடுகு வரிசையில் சேராதவை, தனியே அந்த வித்தையைக் கற்றவை. சாதகமான பாதியை எடுத்துக்கொண்டு மீதியை மறைப்பது ஆராய்ச்சி அல்ல.

இதுவரை சொன்னது அறியாமை என்று விட்டுவிடலாம். ஒரு மூலிகை கிடைக்காதபோது அதே மணமுள்ள உறவுச்செடியைச் சேர்க்கலாம் என்று அவர் தரும் யோசனையை விட முடியாது. அன்னாசிப்பூவுக்கு மிக நெருங்கிய பங்காளி ஜப்பானின் ஷிகிமி. காய்ந்த காய் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றேதான். உள்ளே இருப்பது வலிப்பை வரவழைக்கும் அனிசாட்டின் நஞ்சு. அன்னாசிப்பூத் தேநீர் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு கண்ட பிறகு, இந்தக் கலப்படத்தைச் சுட்டி 2003இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தத் தேநீரையே குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. பொடியாக்கிக் கலந்துவிட்டால் எந்த மூக்கு அதைப் பிரித்தறியும்? மணத்தை வைத்து உறவும் சொல்ல முடியாது, உறவை வைத்து மருந்தும் சொல்ல முடியாது. குழந்தைக்குக் கஷாயம் வைக்கும் ஒருவர் அந்தப் பத்தியை நம்பிவிடும் முன், கட்டுரையாளர் அதைத் திரும்பப் பெற வேண்டும்.