சத்தம் போட்டவனே கூலியும் குடுக்கிறான்

எழுதி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. மக்காச்சோளம் ஒடிக்கிற வேலை, ஆள் கிடைக்காத பாடு. "என்னங்க, ஆளையே காணோம்"னு ஒருத்தர் கேட்டிருந்தார். இங்கதான் இருக்கேன், கல்வராயன் மலை அடிவாரத்துலயே.

இன்னிக்கு எழுதப் போறது விவசாயம் பத்தி இல்ல, கிரிக்கெட் பத்தி. சிரிக்காதீங்க. சுத்திச் சுத்தி கடைசியில கழனிக்குத்தான் வந்து நிப்பேன், அது உங்களுக்கே தெரியும்.

போன வாரம் ராத்திரி சாப்பிடும்போது எங்க சின்னவன் ஆரம்பிச்சான். "அப்பா, ஜடேஜாவைக் குடுத்துட்டு சஞ்சு சாம்சனை வாங்கியிருக்காங்க. அடுத்த சீசன் டீம் நல்லா இருக்கும். போலாமாப்பா?" எனக்கு சந்தையில மாட்டுக்கு மாடு மாத்திக்கிறதுதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா அவன் கேட்டுக்கிட்டே பார்த்தது கொட்டாயில கட்டியிருந்த கிடாக்குட்டியை. எனக்குச் சோறு இறங்கல. ஏன்னா இந்த வருஷம் ஏற்கெனவே ஒரு கிடா சேப்பாக்கத்துக்குப் போயிடுச்சு.

அந்தக் கதையை முதல்ல சொல்றேன்.

2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் மேட்ச். சின்னவனும் அவன் கூட்டாளி ஒருத்தனும் டிக்கெட் எடுத்தாங்க. கூட்டாளி மலை மேல ஒரு சின்ன ஊர்ல இருக்கிற பையன். மரவள்ளி பிடுங்க, கரும்பு வெட்ட கீழ இறங்கி வருவான். தோனின்னா உயிரையே விடுவான். டிக்கெட்டு கவுண்டர்ல கிடையாது, எல்லாம் ஆன்லைன்தான். அவன் ஊர்ல டவர் கிடைக்காது. அதனால விடியக்காலையிலயே இறங்கி வந்து எங்க வீட்டுத் திண்ணையில போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். ரெண்டு பேரும் ரெண்டு போன்ல அமுக்கு அமுக்குன்னு அமுக்கி, எப்படியோ ரெண்டு டிக்கெட் மாட்டுச்சு. இருக்கிறதிலயே கம்மி விலை டிக்கெட். ஒண்ணு 1700 ரூபா. சின்னவன் தன் பங்குக்கு, அவனே வளர்த்த கிடாவை 6500-க்குக் குடுத்துட்டான்.

மேட்சுக்கு நாலு நாள் முன்னால அந்தப் பையனோட அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதாப் போச்சு. அவனால வர முடியாது, காசும் வேணும். டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்தா பணம் வராது. 1700 ரூபாயை அவன் கையில வெச்சுட்டு அந்த டிக்கெட்டுல நான் கிளம்பினேன். வாங்கும்போது அவன் என் மூஞ்சியைப் பார்க்கல, டிக்கெட்டையே பார்த்துக்கிட்டு நின்னான்.

அன்னிக்குப் பங்குனி உத்திரம். எங்க ஊர் முருகன் கோயில்ல அன்னதானத்துக்கு சாம்பார் அண்டா பக்கம் நிக்கிறது இருபது வருஷமா என் வேலை. முதல் தடவையா அதை விட்டுட்டுப் போனேன். வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசல. அவங்க பேசாம இருந்தா என்ன அர்த்தம்னு கல்யாணம் ஆனவங்களுக்குத் தெரியும்.

போன இடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம் வாலாஜா ரோடு முழுக்க சாமந்தித் தோட்டம் பூத்த மாதிரி மஞ்சள். பீப்பி விக்கிறவங்க, கன்னத்துல பெயிண்ட் அடிக்கிறவங்க, பனியன் விக்கிறவங்க, சுண்டல்காரங்கன்னு திருவிழாக் கடை மாதிரியேதான். சின்னவன் எனக்கும் ஒரு மஞ்சள் பனியன் வாங்கி மாட்டிவிட்டான். ஐம்பது வயசுக்கு மேல முதுகுல 7 நம்பர். உள்ள தோனி மட்டையோட இறங்கினப்ப எழும்பின சத்தம் இருக்கே, கோமுகி அணையில ஷட்டரைத் தூக்கினா தண்ணி இரைஞ்சு வருமே, அது மாதிரி. எனக்கும் உடம்பு சிலிர்த்துச்சு, பொய் சொல்லல.

நாலு பந்து. ஒரு ரன். அவுட்டு. சென்னை 20 ஓவர்ல 9 விக்கெட்டுக்கு 103. கொல்கத்தா அதைப் பதினோராவது ஓவர்லயே அடிச்சு முடிச்சுட்டாங்க. ஒரே நல்லது, சீக்கிரம் முடிஞ்சதால வண்டலூருக்கு மின்சார ரயில் கிடைச்சுது, ஆட்டோ காசு மிச்சம்.

இப்ப கணக்கு. டிக்கெட் ரெண்டு 3400. கள்ளக்குறிச்சியில இருந்து போக வர பஸ், ரெண்டு பேருக்கு 900. பனியன் ரெண்டு 500 (ரோட்டுக்கடையில, கம்பெனி சரக்கு வாங்கற வழியே இல்ல). கன்னத்துப் பெயிண்ட் 50. சாப்பாடு, தண்ணி 650. நாங்க கொண்டு போன தண்ணி பாட்டிலை வாசல்லயே வாங்கி வெச்சுக்கிட்டாங்க, உள்ள அவங்ககிட்டதான் வாங்கணும். சென்னைக்குள்ள சுத்தினது 100. மொத்தம் 5600.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு இது ஒரு குடும்பம் ஹோட்டலுக்குப் போய் வர்ற காசா இருக்கலாம். எனக்கு எல்லாத்தையும் நெல்லுல மாத்திப் பார்க்கிற பழக்கம். அந்த சீசன்ல அரசு கொள்முதல் நிலையத்துல சன்ன ரகம் குவிண்டால் 2450. நாப்பது கிலோ மூட்டை 980 ரூபா. அப்போ அந்த ஒரு ராத்திரி எங்களுக்கு ஆறு மூட்டை நெல்லுக்குக் கொஞ்சம்தான் குறைவு. நூறு நாள் வேலைக்கு அப்போ ஒரு நாள் கூலி 336. அந்தக் கணக்குல பதினேழு நாள் மண்ணு வெட்டணும். கரும்பு டன்னுக்கு ஊக்கத்தொகையெல்லாம் சேர்த்து 3500. அதே மைதானத்துல அதிக விலை டிக்கெட் 7500. ரெண்டு டன் கரும்பைப் போட்டாலும் அந்த நாற்காலிக்குப் பத்தாது.

விலை எப்படி ஏறுதுன்னும் பாருங்க. 2018-ல கம்மி டிக்கெட் 1300. 2023-ல 1500. 2024-ல 1700. இப்போ 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 40 சதவீதம் ஆயிடுச்சு. 1000 ரூபா டிக்கெட் வரியோட 1280-ஆ இருந்தது இனி 1400. நெல்லு விலையும் ஏறியிருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா ஏறினதை உரமும் டீசலும் ஆள் கூலியும் தின்னுடுது.

"முடியலன்னா போகாதீங்க, டி.வி.யில பாருங்க"ன்னு உங்கள்ல சிலர் சொல்வீங்க. என் தம்பி மகனும் அதைத்தான் சொன்னான். நியாயம்தான். நாங்க அப்படிப் பார்த்தவங்கதான். 1983-ல டீக்கடை ரேடியோ. அப்புறம் பஞ்சாயத்து டி.வி. 2011 உலகக் கோப்பை ஃபைனலுக்கு தெருவுல ஆளுக்குப் பத்து ரூபா போட்டு, வெள்ளை வேட்டியைத் திரையாக் கட்டிப் பார்த்தோம். தோனி கடைசியா அடிச்ச சிக்ஸர் வேட்டிக்கு வெளிய சுவத்துல போய் விழுந்துச்சு.

ஆனா நான் யோசிக்கிறது வேற. 2020-ல கொரோனா வந்தப்ப ஐ.பி.எல். துபாய் பக்கம் நடந்துச்சு. மைதானத்துல ஒரு ஆள் கிடையாது. அப்போ என்ன பண்ணினாங்க தெரியுமா? ஏற்கெனவே பதிஞ்சு வெச்ச கூட்டத்தோட சத்தத்தை ஓட விட்டாங்க. பந்து பவுண்டரிக்குப் போனா சத்தம், விக்கெட் விழுந்தா சத்தம். ஆளில்லாத சுடுகாடு மாதிரி இருந்தா டி.வி.யில எவனும் பார்க்க மாட்டான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்போ அந்த சத்தத்துக்கு ஒரு விலை இருக்கு. 2023-ல இருந்து 2027 வரைக்கும் ஐ.பி.எல்.லைக் காட்டறதுக்கு மட்டும் 48,390 கோடிக்கு உரிமை வித்தாங்க. அதுல ஆட்டக்காரங்க ஆடறது பாதின்னா, மஞ்சள் சட்டையோட தொண்டை கிழியக் கத்துற கூட்டம் மீதி.

எங்க கழனியில நாத்து நட வர்றவங்களுக்கு நாங்க கூலி குடுக்கிறோம். கூடவே டீ, பலகாரம். இங்க நடவு நட்டவனே கூலியும் குடுத்துட்டு, டீயையும் ஆறு மடங்கு விலைக்கு வாங்கிக் குடிச்சுட்டு வீட்டுக்குப் போறான். என் நெல்லுக்கு நான் விலை சொல்ல முடியாது. என் சத்தத்துக்கும் நான் விலை சொல்ல முடியாது. ரெண்டுலயும் விலை சொல்றது எதிர்ல நிக்கிறவன்.

சின்னவன் ஒண்ணு கேட்டான். "நீங்க திருப்பதிக்குப் போறீங்க, அதுக்கு செலவாகலையா?" சரியான கேள்வி. ஆகுதுடா. ஆனா திருப்பதியில காசில்லாதவனுக்கும் ஒரு வரிசை இருக்கு. பத்து மணி நேரம் நிக்கணும், ஆனா உள்ள விட்டுடுவான், சாப்பாடும் போடுவான். 300 ரூபா வரிசை இருக்குன்னு இலவச வரிசையை மூடல. சேப்பாக்கத்துல அந்தக் காசில்லாதவன் வரிசைதான் இல்லாமப் போச்சு. விடியக்காலையில வந்து கவுண்டர்ல நின்னு, உடம்பால உழைச்சு ஒரு டிக்கெட் வாங்கலாம்ங்கிற வழியையும் அடைச்சாச்சு. இப்போ வேண்டியது நல்ல டவரும் பேங்குல பணமும். மலை மேல இருக்கிற பையனுக்கு ரெண்டும் கிடையாது.

வெளிநாட்டுலயும் இதே கதைதான் போல. அமெரிக்காவுல காலேஜ் ஃபுட்பால் மேட்சுன்னா காலையிலயே கார்ல வந்து, பார்க்கிங்லயே கறி சுட்டு, எல்லாருக்கும் குடுத்துச் சாப்பிடுவாங்களாம். நம்ம காதுகுத்து மாதிரி. இப்போ அந்தக் கார் நிறுத்துற இடமே காசு உள்ளவங்களுக்குன்னு ஆயிட்டு வருதுன்னு அங்கே இருக்கிற சொந்தக்காரப் பையன் சொல்றான்.

ஆனா இங்கிலாந்துல ஒரு விஷயம் நடந்திருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2016 பிப்ரவரியில லிவர்பூல் ஃபுட்பால் டீம் அடுத்த சீசனுக்கு 77 பவுண்டு டிக்கெட்டுன்னு அறிவிச்சாங்க. ரசிகர்கள் கல்லெறியல, கொடும்பாவி கொளுத்தல. சொந்த மைதானத்துல மேட்ச் நடந்துக்கிட்டிருக்கும்போது, 77-வது நிமிஷத்துல ஆயிரக்கணக்கான பேர் எழுந்து வெளிய நடந்துட்டாங்க. தேர் பாதி வீதியில இருக்கும்போது வடத்தைக் கீழ போட்ட மாதிரி. நாலே நாள்ல முதலாளிங்க மன்னிப்புக் கேட்டு அந்த விலையை வாபஸ் வாங்கினாங்க. அதே வருஷம், வெளியூர்ல இருந்து மேட்ச் பார்க்க வர்ற ரசிகர்களுக்கு 30 பவுண்டுக்கு மேல விக்கக் கூடாதுன்னு அந்த லீக் முழுக்க முடிவும் பண்ணினாங்க.

நம்ம ஆளுங்களுக்கும் மனசு வந்தா செய்வாங்க. 2018-ல காவிரிப் போராட்டத்தால மேட்செல்லாம் புனேவுக்கு மாறினப்ப, சென்னையில இருந்து ரசிகர்களுக்குத் தனி ரயிலே விட்டாங்க. அது எங்க தண்ணிக்காக நடந்த போராட்டம், அதனால நல்லா ஞாபகம் இருக்கு.

என் யோசனை இதுதான். சேப்பாக்கம் மைதானம் இருக்கிறது அரசாங்க நிலம், கிரிக்கெட் சங்கத்துக்குக் குத்தகைக்கு விட்டது. குத்தகைன்னா எனக்குத் தெரியும், மூணு ஏக்கர் குத்தகைக்குத்தான் ஓட்டறேன். நிலத்துக்காரர் பத்திரத்துல ஒரு வரி எழுதினா குத்தகைக்காரன் கேட்டுத்தான் ஆகணும். பத்துல ஒரு சீட்டு, வரியோட சேர்த்து 500 ரூபாய்க்குள்ள, கவுண்டர்ல வரிசையில நிக்கிறவனுக்குன்னு எழுதட்டும். 40 சதவீத வரியை அந்த சீட்டுக்காவது விட்டுக் குடுக்கச் சொல்லி டெல்லியைக் கேக்கட்டும். மீதி ஒன்பது பங்கை அவங்க எவ்வளவுக்கு வேணா வித்துக்கட்டும், எனக்கு வயித்தெரிச்சல் இல்ல.

நீங்க சென்னையில இருக்கிறவங்க. அடுத்த சீசன்ல 1700-ஓ 2000-மோ குடுத்து உள்ள உக்காரப் போறவங்களும் உங்கள்ல இருப்பீங்க. போங்க, சந்தோஷமாப் பாருங்க. ஆனா வடம் உங்க கையிலதான் இருக்குங்கிறதை மட்டும் மறந்துடாதீங்க. கடைசி இடத்துக்கு வந்த வருஷத்துலயும் டிக்கெட் விலை ஒரு ரூபா இறங்கல.

சின்னவனுக்கு என்ன பதில் சொன்னேன்னு கேப்பீங்க. கிடா உன்னுது, நீ வளர்த்தது, நீயே முடிவு பண்ணுன்னு சொல்லிட்டேன். ஆனா போறதா இருந்தா, இந்தத் தடவை என்னைக் கூப்பிடாத, அந்த மலைப் பையனைக் கூட்டிட்டுப் போன்னும் சொன்னேன். அவனோட அம்மா இப்போ நல்லா இருக்காங்க. சின்னவன் ஒண்ணும் சொல்லாம எழுந்து போய் கிடாவுக்குத் தழை போட்டான். இன்னும் முடிவு தெரியல.

எனக்குப் பங்குனி உத்திரத்துக்கு சாம்பார் அண்டா இருக்கு. அந்த மஞ்சள் பனியனை இப்போ மடை திருப்பப் போகும்போது போட்டுக்கிறேன். சேறு பட்டாலும் நல்லாத்தான் இருக்கு.