பெரிய நதியின் கரையிலே...

பூமியெங்கும் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. பயணம் என்றவுடன் நம் எண்ணம் விமானத்திற்கும் விரைவு ரயிலுக்கும் செல்கிறது. ஆனால் விரைந்து செல்பவர் காண்பது குறைவு. மெல்லச் செல்பவர் காண்பதே மிகுதி. மேலை நாடுகளில் அண்மைக் காலத்தில் பெரிதும் பரவியுள்ள ஒரு சைக்கிள் பயண முறையையும், அது நம்மை இட்டுச் செல்லும் ஒரு நிலத்தையும் இம்மாதம் காண்போம்.

அந்தச் சைக்கிளுக்குக் 'கிராவல் பைக்' என்று பெயர். சரளைக் கல்லும் மண்ணும் நிறைந்த பாதைகளுக்கென்றே அமைந்தது அது. பந்தயச் சைக்கிளைப் போன்றே வளைந்த கைப்பிடி இருக்கும். ஆனால் டயர் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலமுடையது. அதில் காற்றைச் சற்றுக் குறைவாகவே அடைப்பார்கள். அதனால் டயர் கல்லின் மேல் துள்ளாமல், அதைத் தழுவியபடி உருளும். தார்ச்சாலையிலும் செல்லலாம், காட்டு வழியிலும் செல்லலாம். இதற்கென முதன்முறையாக 2022ஆம் ஆண்டு இத்தாலியில் உலகப் போட்டியே நடத்தப்பட்டது. எனினும் இச்சைக்கிளின் உண்மையான பயன் போட்டியில் இல்லை. மோட்டார் வாகனங்கள் விரும்பாத வழிகளில் சந்தடியின்றிச் செல்வதிலேயே இருக்கிறது.

அத்தகைய வழிகள் நிறைந்த ஒரு நிலம் ஸ்பெயின் நாட்டின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலோரம் உள்ளது. டோன்யானா என்பது அதன் பெயர். ஒருபுறம் பரந்த சதுப்பு நிலம். மறுபுறம் மணல் மேடுகளும் பைன் காடுகளும். இரண்டுக்கும் உயிர் கொடுப்பது ஒரே நதி. ஸ்பானியர் அதனைக் 'குவாதல்கிவிர்' என்பர். இச்சொல் வேறொன்றுமன்று, 'அல்வாதி அல்கபீர்', அதாவது 'பெரிய நதி' என்னும் அரபுச் சொல்லே அவர்கள் நாவில் இவ்வாறு திரிந்தது. ஒரு காலத்தில் கல்வியாலும் கலையாலும் உலகுக்கு ஒளியூட்டிய குர்துபாவையும் இஷ்பீலியாவையும் தழுவி, 657 கிலோமீட்டர் ஓடி, இந்நதி இங்கேதான் கடலில் கலக்கிறது.

நாவில் நிலைத்த அரபு

செவில் என்று இன்று அழைக்கப்படும் இஷ்பீலியாவிலிருந்து தெற்கே சைக்கிளை மிதித்தால், விரைவிலேயே தார்ச்சாலையை விட்டு வாய்க்கால் கரைகளில் ஏறிவிடலாம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயல்கள். வயலை உழுபவர் அரிசியை 'அர்ரோஸ்' என்கிறார். அது அரபியின் 'அர்ருஸ்'. வாய்க்காலை 'அஸேகியா' என்கிறார், அது 'அஸ்ஸாகியா'. வழியிலுள்ள அஸ்னல்காசர் என்னும் ஊரின் பெயருக்குள் 'ஹிஸ்ன் அல்கஸ்ர்' என்ற கோட்டைப் பெயர் மறைந்திருக்கிறது. இஷ்பீலியாவின் முஸ்லிம் ஆட்சி 1248இல் முடிவுற்றது. ஆட்சி போயிற்று, ஆயினும் நீரையும் நிலத்தையும் பற்றிய சொற்கள் போகவில்லை. நீரைப் பகிர்ந்து பயிர் செய்யக் கற்றுக் கொடுத்தவர்களின் நினைவு, அவர்களை மறந்துவிட்ட மக்களின் நாவிலேயே நிலைத்து நிற்கிறது!

வயல்களைக் கடந்தால் சதுப்பு நிலம். மழைக்காலத்தில் அது கடல் போன்று விரிந்த ஏரி. கோடையில் வெடித்துப் பிளந்த களிமண் தரை. குளிர்காலத்தில் வட ஐரோப்பாவிலிருந்து காட்டு வாத்துக்கள் கூட்டங்கூட்டமாய் வந்திறங்குகின்றன. பூநாரைகள் ஆழமற்ற நீரில் அலகைக் கவிழ்த்து இரை தேடுகின்றன. 1969இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டது. 1994இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது. பூங்காவின் உட்பகுதியில் எவரும் விரும்பியவாறு நுழைய முடியாது. சைக்கிளில் வருவோர் அதன் ஓரங்களில் உள்ள பாதைகளில் மட்டுமே செல்லலாம்.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் பைன் காடு. இம்மரங்கள் விரித்த குடை போன்ற தலையுடையவை. இவற்றின் காய் முற்ற மூன்று ஆண்டுகள் ஆகும். அதனுள் இருக்கும் வெண்ணிறப் பருப்பைத்தான் அரபு மக்கள் 'ஸனோபர்' என்று சொல்லிச் சோற்றின் மேல் தூவுகிறார்கள். வளைகுடா நாடுகளில் பணி செய்து திரும்பிய சகோதரர்கள் அதனைச் சுவைத்திருப்பார்கள். காட்டு வழியோ ஆழ்ந்த மணல்! அகன்ற டயரும் அதில் புதைந்துவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதைத் தவிர வேறு வழியில்லை. இறங்கி நடப்பவர் கண்ணுக்கு மணலில் பதிந்த காற்தடங்கள் தென்படும். அவற்றில் ஒன்று 'லின்க்ஸ்' எனப்படும் காட்டுப்பூனையினுடையதாகவும் இருக்கலாம். நூற்றாண்டின் தொடக்கத்தில் அழியும் தறுவாயில் இருந்த இவ்வினம், மனிதர் எடுத்த நன்முயற்சியால் ஸ்பெயினிலும் போர்ச்சுக்கலிலுமாக இன்று இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது.

மறைவாய்த் தோண்டிய கிணறுகள்

இவ்வளவு அழகுக்கும் நடுவே ஒரு துயரம் இருக்கிறது. காட்டின் விளிம்பை அடைந்ததும், வெண்ணிறப் பிளாஸ்டிக் கூடாரங்கள் வரிசை வரிசையாய்க் கண்ணைப் பறிக்கும். அவை ஸ்ட்ராபெரித் தோட்டங்கள். ஐரோப்பியக் கடைகளை அலங்கரிக்கும் அந்தச் செம்பழத்திற்கு வேண்டிய நீர் நிலத்தடியிலிருந்தே எடுக்கப்படுகிறது. அனுமதி பெற்ற கிணறுகள் ஒருபுறமிருக்க, அனுமதியின்றி மறைவாய்த் தோண்டிய கிணறுகளும் ஏராளம். சதுப்புக்கு அடியிலுள்ள நீரும் அதே நீர்தான். ஓரத்தில் உறிஞ்சினால் நடுவில் வற்றுகிறது. டோன்யானாவின் நீரைக் காக்கத் தவறியதென 2021இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வறட்சியும் சேர்ந்துகொள்ள, கோடையிலும் வற்றாதிருந்த மிகப் பெரிய குளமான சாந்தா ஒலாயா 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முற்றாக வறண்டது.

அப்படியானால் தோட்டங்களை மூடிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அது அவ்வளவு எளிதன்று. அப்பழங்களைப் பறிப்பதற்காக ஆண்டுதோறும் மொராக்கோவிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் ஒப்பந்தத்தில் வருகிறார்கள். அவர்களில் பலர் குழந்தைகளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு வரும் நம் சகோதரிகள். அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்தக் கூலியில்தான். குற்றம் பறிக்கும் கைகளில் இல்லை. பொது நீரைத் தன் நீராக எண்ணித் தோண்டும் பேராசையில் இருக்கிறது. 2023 நவம்பரில் நடுவண் அரசும் மாநில அரசும் 140 கோடி யூரோ செலவிலான திட்டத்திற்கு உடன்பட்டன. நீர் அருந்தும் பயிரைக் கைவிடும் விவசாயிக்கு ஈடு வழங்குவது அதன் ஒரு பகுதி. 2025 மார்ச்சில் பெய்த பெருமழை சதுப்பை மீண்டும் நிரப்பிற்று. இது அல்லாஹ்வின் அருள். ஆனால் ஒரு மழை, ஆண்டுக்கணக்கில் உறிஞ்சப்பட்ட நிலத்தடி நீரை ஈடு செய்துவிடாது.

கெடுத்ததைத் திருத்தவும் மனிதரால் முடியும் என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. 1998 ஏப்ரல் 25 அன்று அஸ்னல்கோயார் சுரங்கத்தின் கழிவுநீர் அணை உடைந்து, நச்சுச் சேறு ஏறத்தாழ 4,600 ஹெக்டேர் நிலத்தை மூடியது. சேற்றை வாரி அகற்றி, நிலத்தை அரசே வாங்கி மரங்களை நட்டார்கள். இன்று அந்த நதிக்கரை பசுமை வழியாகி, சைக்கிளில் செல்வோரை வரவேற்கிறது.

நம் வீட்டுக் குழாய்

நீர், புல், நெருப்பு ஆகியவற்றில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். ஓடும் ஆற்றின் கரையில் ஒளுச் செய்தாலும் வீண் செலவு கூடாது என்றும் எச்சரித்தார்கள். நதியை 'வாதி' என்றும் வாய்க்காலை 'ஸாகியா' என்றும் அழைத்த முன்னோர், நீரை அமானிதமாகக் கருதியவர்கள். ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டாரை ஓடவிட்டுத் தொட்டி நிரம்பி வழிவதைப் பாராதிருக்கும் நாமும், அண்டை வீட்டாரின் கிணற்றிலிருந்துதான் எடுக்கிறோம். பூமிக்கடியில் மதில் சுவர் கிடையாது.

இன்று மாலை ஒளுச் செய்யும்போது குழாயைச் சற்றுக் குறைவாகத் திறந்து பாருங்கள். பிள்ளைகளுக்கும் அதன் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். பெற்ற அமானிதத்தைக் குறைவின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.