எடைக்குப் போன விளக்குகள்

கண்ணாடி உடையும் பொருள். ஆகவே அதற்கு வரலாறு கிடையாது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். வெள்ளிக்கும் பொன்னுக்கும் இரட்டைப் பூட்டுப் போடுகின்ற பங்குகள், பழைய கண்ணாடி விளக்கைத் துருப்பிடித்த இரும்போடு சேர்த்துப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடுகின்றன. இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட சிற்றாலயம் ஒன்றில் அண்மையில் நடந்ததும் இதுவே. சுவரெங்கும் வழவழப்பான ஓடு பதித்தார்கள். பீடத்தைச் சுற்றி வண்ண மின்விளக்குச் சரம் கட்டினார்கள். நற்கருணைப் பேழையின்முன் தொங்கிய சிவப்புக் கண்ணாடிக் கிண்ணமும் இருமருங்கும் இருந்த தொங்கு விளக்குகளும் பித்தளைச் சங்கிலியோடு தராசில் ஏறின. வாங்கியவர் பித்தளைக்கு மட்டுமே காசு கொடுத்தார். கண்ணாடியை இனாமாகக் கொண்டு சென்றார். அதன் மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளை ஒருமுறை பார்த்துவருமாறு நம் பங்குப் பேரவையினரை வேண்டுகின்றோம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய கண்ணாடிக் குவளைக்கும் விளக்குக் கூண்டுக்கும் அங்கே என்ன விலை சொல்லுகிறார்கள் என்று கேட்டாலே போதும், தூக்கம் கலைந்துவிடும். பர்மிங்காம் நகரத்து ஆஸ்லர் நிறுவனம் கல்கத்தாவில் விற்பனைக்கூடமே அமைத்து, இந்திய அரண்மனைகளுக்குச் சரவிளக்குகளை விற்றது. நம் நாட்டுப் பிரோசாபாத்தின் ஜெயின் ஆலையில் செய்த, வானவில்போல் மினுங்கும் குவளைகளை இன்று அயல்நாட்டார் தேடித் தேடி வாங்குகின்றனர்.

பழைய கண்ணாடியை அறிவதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. அடிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். கையால் ஊதிச் செய்ததாயின், பிடிகோலை முறித்தெடுத்த தழும்பு விரலில் தட்டுப்படும். உயர்ந்த வேலையாயின் அத்தழும்பை வட்டமாகத் தேய்த்து மெருகிட்டிருப்பர். அச்சில் வார்த்ததாயின், பக்கவாட்டில் மயிரிழைபோல் ஒரு பொருத்துக்கோடு ஓடும். ஈயம் கலந்த கண்ணாடி கைக்குக் கனக்கும். மெல்லச் சுண்டினால் மணிபோல் நீள ஒலிக்கும். மஞ்சள்பச்சைக் கிண்ணம் கிடைத்தால், ரூபாய் நோட்டைச் சோதிக்க வங்கியில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கின்கீழ் காட்டுங்கள். யுரேனியம் கலந்திருந்தால் இளம்பச்சையாய்ச் சுடர்விடும். 1872இல் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற கோலிச்சோடாப் புட்டியை இங்கே குடிக்காதவர் யார்? அதன் கழுத்து இடுக்கையும் உள்ளே உருளும் கோலியையும் அறிந்த கண்ணுக்கு, ஆலய விளக்கின் அடித்தழும்பை அறிவது அரிதா?

"விற்ற பணம் ஏழைகளுக்குத்தானே?" என்பர். மிலான் ஆயர் புனித அம்புரோசியார் திருக்கலன்களை உருக்கிச் சிறைப்பட்டோரை மீட்டதை உடனே எடுத்துக்காட்டுவர். நல்லது. அவர் தம் கையில் இருப்பது இன்னதென்று அறிந்து கொடுத்தார்; ஊரறியக் கொடுத்தார்; மனிதரை மீட்கக் கொடுத்தார்; பழித்தவர்களுக்கு எழுத்திலேயே விடையும் தந்தார். நாம் மீட்டது யாரை? ஓடு பதித்தவரின் பாக்கியையா? ஏழையின் பெயரைச் சொல்லி, அவனுடைய பாட்டி நேர்ந்து வைத்த விளக்கை விற்பது ஏழைக்குச் செய்யும் உதவியாகுமோ?

நேர்ந்து வைத்தது என்னும் சொல்லைத் தெரிந்தே எழுதுகின்றோம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1292ஆம் சட்டம், நேர்ச்சையாகக் கொடுக்கப்பட்டவற்றையும் கலையாலோ வரலாற்றாலோ அரியனவற்றையும் உரோமை ஆட்சிப்பீடத்தின் இசைவின்றிக் கைமாற்றினால் அது செல்லாது என்கிறது. 1963இல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, ஆலய அணிகள் சிதறிப்போகாமல் காக்கும் கடமையை ஆயர்கள்மேல் சுமத்துகிறது. குருமாணவர்க்குத் திருக்கலை வரலாறு கற்பிக்கப்பட வேண்டுமென்றும் கூறுகிறது. நம் குருமடங்களில் அப்பாடத்திற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகின்றோம் என்று கேட்டால் விடை சொல்லுவோர் இலர். நாட்டின் சட்டமும் உண்டு. நூறாண்டு கடந்த கலைப்பொருளை உரிமம் இன்றி வாணிகம் செய்வதையும் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புவதையும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. தராசின்முன் நின்றவர் எவரும் இவற்றை நினைத்ததாகத் தெரியவில்லை.

அண்டை வீட்டாரைப் பார்த்தாவது நாணுவோம். கோதை நாச்சியார் மாலை சூடித் தம் எழிலைக் கண்டதாக மரபு கூறும் கிணற்றுக்குக் கண்ணாடிக் கிணறு என்று பெயரிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரார் இன்றளவும் போற்றுகின்றனர். அது வெறும் கிணறு. ஆயினும் ஊர் அதை மறக்கவில்லை. இராஜபாளையத்தில் குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு ஈந்தார்.

சேகரிப்பாளர்க்கும் ஒரு சொல். ஆலை முத்திரையைக் கண்டால் விலையை ஏற்றி, முத்திரை இல்லாததை ஒதுக்குகின்றீர்கள். எந்தப் பீடத்தின்முன் எத்தனை ஆண்டு எரிந்தது, கொடுத்தவர் யார் என்பதை எந்தச் சீட்டில் எழுதி வைக்கின்றீர்கள்? அது தெரியாதபோது உங்கள் அலமாரியில் இருப்பது வெறும் சிவப்புக் கிண்ணம்.

1283ஆம் சட்டம், பொறுப்பேற்போர் அரிய பொருள்களின் பட்டியலை எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்கிறது. அதன் ஒரு படி ஆயரகத்தில் இருக்க வேண்டும். ஒரு ஞாயிறு திருப்பலிக்குப்பின் கோவிற்பிள்ளையும் இளைஞர் இருவரும் ஓர் அளவுகோலும் போதும்; கைப்பேசியிலேயே படம் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த விழாவுக்கு வெள்ளையடிக்க ஏணி வருமுன், இவ்விரு ஊர்ப் பங்குகளிலும் அப்பட்டியல் ஆயரகம் சேரட்டும்.